பிரித்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

  பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

காணிப் பிரச்சினை ஒன்று கிளம்பினாலும், பிரதேச செயலக எல்லையில் இழுபறி வந்தாலும், தேர்தல் நெருங்கினாலும் நம் பக்கத்தில் ஒரு பேச்சு வரும். "அவங்களுக்கு ஒரு பக்கம், நமக்கு ஒரு பக்கம். பிரிச்சிட்டா பிறகு சண்டையே இல்ல." காத்தான்குடியில் நாம் சொல்கிறோம். ஆரையம்பதியில் அவர்கள் சொல்கிறார்கள். ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும், ஏறாவூரிலும் செங்கலடியிலும் இதே பேச்சுத்தான். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான்.

சொல்கிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. 1990ஐக் கண்ணால் கண்டவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பயம் உண்மையானது. ஆனால் பயம் காட்டுகிற வழி பாதுகாப்பான வழிதானா என்று பார்ப்பதற்குத்தான் வரலாறு படிக்கிறோம். மதத்தை வைத்து நாட்டைப் பிரிக்கிற வேலையை உலகம் பல தடவை செய்து பார்த்துவிட்டது. நம் வாவிக்கரையிலும் சிறிய அளவில் செய்து பார்த்தாயிற்று. கிடைத்தது என்ன என்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த இந்தியா, பாகிஸ்தான். எல்லைக் கோட்டைப் போடுவதற்கு ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் 1947 ஜூலை 8ஆம் திகதி இந்தியாவுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்த நாட்டுக்கு வந்ததே இல்லை. ஐந்து கிழமைக்குள் பஞ்சாபையும் வங்காளத்தையும் வகுந்து கொடுத்தார். கோடு எங்கே போகிறது என்று மக்களுக்கு அறிவிக்கப்பட்டது ஓகஸ்ட் 17ஆம் திகதி. அதாவது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். பல இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

இந்த இரத்தக் கணக்கு எல்லோரும் சொல்வது. நாம் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது. பிரிவினைக்கு முன் இந்தியா முழுவதிலும் முஸ்லிம்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. பிரிவினைக்குப் பிறகும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இந்தியாவிலேயே இருந்தார்கள். ஆனால் அப்போது அவர்கள் அந்த நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. யாருடைய பாதுகாப்புக்கென்று நாடு பிரிக்கப்பட்டதோ, அவர்களில் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் பெரும்பான்மை ஆனார்கள். இந்தப் பக்கம் நின்றவர்கள் முன்னை விடச் சிறிய சிறுபான்மை ஆனார்கள். நாலில் ஒருவராக நின்று கேட்ட குரலுக்கும் பத்தில் ஒருவராக நின்று கேட்கிற குரலுக்கும் வித்தியாசம் உண்டு.

சரி, பெரும்பான்மை ஆனவர்களுக்காவது நிம்மதி வந்ததா? 1952 பெப்ரவரி 21ஆம் திகதி டாக்காவில் தங்கள் மொழிக்காக நின்ற மாணவர்கள் சுடப்பட்டார்கள். சுட்டதும் முஸ்லிம் நாட்டின் பொலிஸ், விழுந்ததும் முஸ்லிம் பிள்ளைகள். 1971இல் அந்த நாடு இரண்டாக உடைந்து பங்களாதேஷ் பிறந்தது. 1947இல் பீகாரிலிருந்து மதத்தை நம்பி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன உருது பேசும் முஸ்லிம்கள் அப்போது யாருக்கும் வேண்டாதவர்கள் ஆனார்கள். அகதி முகாம்களில் நாடற்றவர்களாக வாழ்ந்தார்கள். 2008இல் டாக்கா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது. முதலில் மதம், பிறகு மொழி. கோடு போட ஒரு காரணம் முடிந்தால் அடுத்த காரணம் கிடைத்துவிடுகிறது.

"அங்கே அரைகுறையாகப் பிரித்தார்கள், ஆட்களை முழுக்க மாற்றியிருந்தால் சரிவந்திருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் உடன்படிக்கை எழுதி மக்களைப் பண்டமாற்றுச் செய்தன. ஏறத்தாழ 15 இலட்சம் பேர். அளவுகோல் மதம் மட்டும்தான், மொழி கணக்கில் இல்லை. ஆகவே துருக்கி மொழி மட்டும் தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். போன இடத்தில் மதம் ஒன்று, பேச்சு விளங்காது. அயல்வீட்டுக்காரர் இவர்களை அந்நியராகவே பார்த்தார். தமிழைத் தாய்மொழியாகப் பேசுகிற முஸ்லிம்களாகிய நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த அளவுகோலை வைத்தால் நம்மை எங்கே அனுப்புவார்கள்? அவ்வளவு செய்தும் அந்த இரண்டு தரப்புக்கும் இடையிலான பிரச்சினை சைப்ரஸ் தீவில் மறுபடி வெடித்தது. 1974இல் அந்தத் தீவும் இரண்டானது. இன்றுவரை நடுவில் ஐ.நா. படை நிற்கிறது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம்.

எழுவான்கரை, படுவான்கரை என்று வாவியை நடுவில் வைத்துத்தான் நாம் திசை சொல்கிறோம். கடலோரத்து எழுவான்கரையில் காத்தான்குடி, ஏறாவூர் போன்ற நம் ஊர்கள் தமிழ் ஊர்களுக்கு இடையில் மணிகளைக் கோர்த்தமாதிரி மாறி மாறி வரும். வேளாண்மைக் காணிகள் மேற்கே படுவான்கரையில். போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் குடியேற்றினான். அதற்கு முன்பே இங்கே நம்மவர்கள் இருந்தார்கள் என்பதற்கு முக்குவருக்குத் துணையாகப் பட்டாணியர் திமிலரோடு போரிட்ட பழங்கதை இருக்கிறது. ஏறாவூர் என்ற பெயருக்கே அந்தப் போரை வைத்துத்தான் விளக்கம் சொல்வார்கள்.

கதை இருக்கட்டும், வழக்கத்தைப் பாருங்கள். தாய்வழிக் குடி நம்மிடமும் இருக்கிறது, தமிழரிடமும் இருக்கிறது. கோயிலுக்குக் குடிவழியாக வண்ணக்கர், பள்ளிவாசலுக்குக் குடிவழியாக மரைக்காயர். மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை மகள் பெயருக்கு எழுதுவது இரண்டு பக்கத்திலும் நடக்கிறது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இதை இப்படியே காண முடியாது. ஒரு குளத்துத் தண்ணீரில் இரண்டு பக்கத்து வயலும் விளைகிற இடத்தில் கோட்டை எங்கே போடுவது?

போட்டார்கள். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்குப் பகுதி வெட்டப்பட்டு அம்பாறை மாவட்டம் ஆனது. அது மதத்துக்காகப் போட்ட கோடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோட்டால் நாம் இரண்டானோம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் அந்தப் பக்கம். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி இந்தப் பக்கம். அங்குள்ளவர்களுக்குக் கச்சேரி சிங்களப் பெரும்பான்மை நகரத்தில், தமிழில் அலுவல் பார்ப்பது கஷ்டம் என்ற நீண்டகால முறைப்பாடு. அதிலிருந்துதான் கரையோர மாவட்டக் கோரிக்கை பிறந்தது. இங்குள்ளவர்கள் மாவட்டத்தில் நாலில் ஒரு பங்காகச் சுருங்கினோம்.

அடுத்த கோடு 1987 ஜூலை 29ஆம் திகதி வந்தது. இந்த முறை வெட்டவில்லை, அழித்தார்கள். இந்திய இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒன்றாக்கியது. கிழக்கு மக்கள் விரும்புகிறார்களா என்று 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பு நடத்துவதாக எழுதினார்கள். அது ஒருநாளும் நடக்கவில்லை. கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள் ஒரே கையெழுத்தில் வடகிழக்கில் ஆறில் ஒரு பங்கு போல ஆனோம். நம்மைக் கேட்கவும் இல்லை. 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் 1988 மாகாண சபைத் தேர்தலில் 71 ஆசனத்தில் 17ஐப் பெற்றதற்கு இந்த ஆதங்கம் பெரிய காரணம்.

அந்த ஆதங்கத்தின் பதிலாகத்தான் முஸ்லிம் மாகாணம் என்ற கோரிக்கை வளர்ந்தது. தென்கிழக்கை அடியாக வைத்து, நிலத்தொடர்பு இல்லாத மற்ற முஸ்லிம் ஊர்களையும் சேர்த்து ஓர் அலகு. புதுச்சேரியை உதாரணம் காட்டினார்கள். தமிழ்நாட்டுக்குள் காரைக்கால், கேரளாவுக்குள் மாஹே, ஆந்திராவுக்குள் ஏனாம் என்று சிதறிக் கிடந்தாலும் ஒரே ஆட்சிதானே என்றார்கள். கேட்காமல் இணைத்தவர்களிடம் "அப்படியென்றால் எங்களுக்கும் ஒன்று" என்று கேட்டது நியாயம். ஆனால் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இடையில் போர் நடக்கவில்லை. காத்தான்குடிக்காரர் தன் வயலுக்குப் போக இன்னொரு மாகாணத்தின் எல்லையைத் தாண்ட வேண்டும். வயல் அங்கே, வீடு இங்கே. வம்பு வந்தால் அவரைக் காப்பாற்றப்போவது வயல் இருக்கிற பக்கத்து ஆட்சி. அந்த ஆட்சியில் அவருக்கு வாக்கும் இல்லை.

பிறகு 1990. எழுதக் கை நடுங்குகிற வருடம். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஏறாவூரில் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினரின் கை இருந்தது. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்படத் தமிழ்ப் பொதுமக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள், அது இராணுவத்தின் வேலை. நம் ஷஹீத்களுக்கு நாம் துஆ கேட்கிறோம். வீரமுனையையும் சத்துருக்கொண்டானையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டும். ஒரு பக்கத்துக் கப்றுகளை மட்டும் எண்ணுகிற வரலாறு அடுத்த சண்டைக்குத்தான் ஆள் சேர்க்கும்.

1990க்குப் பிறகு நம் வாவிக்கரையில் பிரிவினை வர்த்தமானியில் வராமலே நடந்துவிட்டது. படுவான்கரையில் இருந்த முஸ்லிம் குடியிருப்புகள் வெறுமையாகின. முஸ்லிம் ஊர்களின் ஓரத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் விற்றுவிட்டோ விட்டுவிட்டோ போனார்கள். கலந்திருந்த ஊர்கள் தனித்தனி ஊர்களாயின. பிரிந்தால் சண்டை தீரும் என்பது உண்மையானால் அதன் பிறகு இங்கே அமைதி வந்திருக்க வேண்டும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் உடன்படிக்கை செய்தார்கள். இரண்டே மாதத்தில் மூதூரிலும் வாழைச்சேனையிலும் தமிழர் முஸ்லிம் மோதல். பிரிந்து வாழ்ந்த பன்னிரண்டு வருடத்தில் பகை ஆறவில்லை. ஒருவரையொருவர் தெரியாத ஒரு தலைமுறைதான் வளர்ந்திருந்தது. பிரிக்கப்படாத காணிப் பிரச்சினை அப்படியே கிடந்தது.

2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடகிழக்கு இணைப்பு செல்லாது என்றது. 2007 ஜனவரி முதல் கிழக்கு மறுபடி தனி மாகாணம். நம்மில் பலர் மூச்சு விட்டோம். அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? கல்முனையைப் பாருங்கள். கல்முனைத் தமிழர் தங்கள் உப பிரதேச செயலகத்தை முழுச் செயலகமாக்கித் தரும்படி முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்கிறார்கள். 2019 ஜூனில் உண்ணாவிரதமும் இருந்தார்கள். வடகிழக்கில் நாம் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்கள் கல்முனையில் நம்மிடம் கேட்கிறார்கள். "பெரும்பான்மை நீங்கள், எங்களுக்கு என்ன உத்தரவாதம்?"

அதே கல்முனைக்குள் சாய்ந்தமருது. அவர்களும் முஸ்லிம்கள், கல்முனைக்குடிக்காரரும் முஸ்லிம்கள். ஒரே பள்ளிக் கிப்லா. ஆனாலும் சாய்ந்தமருது தனி நகரசபை கேட்டது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் ஊரே சுயேச்சைக் குழுவின் பின்னால் நின்று வென்றது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, சில நாளில் இடைநிறுத்தப்பட்டது. அந்தக் கோரிக்கை சரியா பிழையா என்பது இங்கே விஷயமில்லை. மதம் ஒன்றானால் ஒற்றுமை தானாக வரும் என்பது உண்மையில்லை என்பதற்கு இதைவிடக் கிட்ட ஓர் உதாரணம் வேண்டாம்.

கசப்பான இன்னோர் உதாரணமும் இருக்கிறது. காத்தான்குடி ஏறத்தாழ முழுவதுமே முஸ்லிம் நகரம். பிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்படித்தான் இருக்கும். அங்கே 2004இலும் 2006இலும் சூஃபி வழியில் போகிறவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் வாள்வெட்டு வரை போனது. அந்த மோதலுக்குத் தலைமை தாங்கியவன்தான் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி நாட்டையே உலுக்கிய தாக்குதல்களுக்கும் தலைமை தாங்கினான். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புக்கு வந்த குழந்தைகளும் செத்தார்கள். அந்த வெறி முதலில் கடித்தது முஸ்லிமைத்தான். அயலில் வேறு மதத்தவர் இல்லாத இடத்தில் "இவன் சரியான முஸ்லிம் இல்லை" என்று சொல்வதற்கு ஆள் தேடிக்கொண்டது.

ஆக, நாடு, மாகாணம், மாவட்டம், நகரம், ஊர் என்று எந்த அளவில் கோடு போட்டாலும் நடந்தது ஒன்றுதான். யார் பெரும்பான்மை என்ற விடை மாறியது. சிறுபான்மை ஆனவருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வி அப்படியே நின்றது. சண்டை பிறப்பது அந்த இரண்டாவது கேள்வியில். அதற்குக் கோட்டால் பதில் சொல்ல முடியாது.

வேறு எதனால் சொல்லலாம்? அயர்லாந்தைப் பாருங்கள். 1921இல் அதைப் பிரித்தார்கள். புரொட்டஸ்தாந்துகள் பெரும்பான்மையான வடக்குத் துண்டில் மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கர் மாட்டிக்கொண்டார்கள். வீடு, வேலை, வாக்கு எல்லாவற்றிலும் ஓரவஞ்சனை. 1960களின் கடைசியில் வெடித்த வன்முறை முப்பது வருடம் நீடித்து ஏறத்தாழ 3,500 பேரைக் கொன்றது. 1998 ஏப்ரல் ஒப்பந்தம் அதை நிறுத்தியபோது கோட்டை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்தே ஆட்சி நடத்த வேண்டும் என்று எழுதினார்கள். பொலிஸைத் திருத்தினார்கள். தன்னைப் பிரித்தானியர் என்பதா, அயர்லாந்துக்காரர் என்பதா, இரண்டும் என்பதா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டார்கள். அங்கே பகை முற்றாகப் போகவில்லை. ஆனால் முப்பது வருடப் போர் முடிந்தது.

தூரம் போகத் தேவையில்லை. மட்டக்களப்பே ஒருகாலம் அதற்கு வழி வைத்திருந்தது. 1960 முதல் மட்டக்களப்புத் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர். ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் வர இடம் இருக்கட்டும் என்பதே எண்ணம். ஒவ்வொரு தேர்தலிலும் அது வாய்த்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பின்னர் இரட்டைத் தொகுதியாக்கப்பட்ட பொத்துவிலில் 1977இல் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழருமே தெரிவானார்கள். தொகுதியைக் கிழிக்காமல் இரண்டு பேருக்கும் கதிரை போட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோதும் முஸ்லிம் தெரு, யூதர் தெரு என்று ஊரைக் கூறு போடவில்லை. யாருக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று சாசனம் எழுதினார்கள். நமக்கு அதில் படிப்பினை இருக்கிறது.

தனிப் பிரதேச செயலகமே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிறப்புச் சான்றிதழ் எடுக்க, ஓய்வூதிய அலுவல் பார்க்க அலுவலகம் கிட்ட இருப்பது நல்லது. அது நமக்கும் நல்லது, கல்முனைத் தமிழருக்கும் நல்லது. சேவைக்காகப் போடுகிற எல்லை வேறு, பகைக்குப் போடுகிற வேலி வேறு. இரண்டையும் ஒரே மேடையில் கலந்து பேசி வாக்குச் சேர்க்கிறவர்களிடம் நாம் மூன்று கேள்வி கேட்கப் பழக வேண்டும்.

நீங்கள் போடச் சொல்கிற கோட்டுக்குள் சிறுபான்மையாக மாட்டப்போவது யார்? அவர்களுக்கு நீங்கள் எழுத்தில் தருவது என்ன? கோட்டுக்கு இரண்டு பக்கமும் போகிற குளத்துத் தண்ணீர், வயல் வழி, மேய்ச்சல் தரை, வாவி மீன், இவற்றை யாரும் யாரும் உட்கார்ந்து நிர்வகிப்பீர்கள்?

வடகிழக்கை மறுபடி இணைக்கச் சொல்கிற தமிழ்த் தலைவர்களிடமும் இதைக் கேட்கலாம், தனி அலகு கேட்கிற நம் தலைவர்களிடமும் கேட்கலாம். பதில் இருக்கிறவரோடு எந்த எல்லையைப் பற்றியும் பேசலாம். பதில் இல்லாதவர் கேட்பது தனக்கொரு பெரும்பான்மையை மட்டும்தான். அதைக் கொடுத்தால் அடுத்த பத்து வருடத்தில் இன்னொரு கோட்டுக்கு ஊர்வலம் போக வேண்டியிருக்கும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஏசாமல் எழுதுங்கள். பதில் சொல்லுவோம், இன்ஷா அல்லாஹ்.